துவைகல்லுக்குக் கீழே

எங்கள் தெருவில் சேவல் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. பொழுது விடிந்ததும் எதிர் வீட்டுச் சலவைக்காரர்கள் முதல் துணியைக் கல்லில் அடித்துவிடுவார்கள். மற்ற இடங்களில் துவைகல் 'சப்' என்று சத்தம் போடும். இந்தக் கல் 'தும்' என்றது. காதுக்கு வருவதற்கு முன்னால் அடிவயிற்றுக்கு வந்துவிடும். என் ஜெராக்ஸ் கடையின் கண்ணாடி அலமாரியில் நிற்கும் பேனாக்கள் ஒரு தடவை நடுங்கி அடங்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் சண்டைக்குக் கிளம்புவார்கள். அடுத்த வாரம், கல் அடிக்காத நாளில், நேரத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று குறைப்படுவார்கள்.

அந்தச் சத்தத்தில் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. கல்லைப் போட்டவர் அண்ணியின் மாமனார். முற்றத்தில் இங்கேயும் அங்கேயும் கல்லைப் புரட்டிப் போட்டு அடித்துப் பார்த்து, எங்கே சத்தம் எடுப்பாக வந்ததோ அங்கேயே நிறுத்தினாராம். கீழே பாறை இருக்கிறது, அதுதான் இப்படிப் பேசுகிறது என்று அவர் சொன்னார். மகன்களும் அதையே சொன்னார்கள். தெருவும் அதையே சொன்னது. துணி அப்படி வெளுப்பதற்கே அந்தப் பாறைதான் காரணம் என்று நம்பி, ஆற்றுக்கு அந்தப்புறத்திலிருந்துகூட அழுக்கு மூட்டைகள் வரும்.

அண்ணி என்று சொன்னேன். முறைப்படி அவள் ஒரே ஒருத்தனுக்குத்தான் அண்ணி, கணவனின் தம்பிக்கு. ஆனால் தெருவில் பல் முளைக்காததிலிருந்து பல் விழுந்தது வரை எல்லாருக்கும் அவள் அண்ணிதான். நல்ல உயரம், நீலம் ஊறிய நகங்கள், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற வாய். அவள் கணவர், அதாவது அண்ணன், அவளுக்கு நேர் எதிர். கஞ்சிப் பாத்திரத்துக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவிலேயே காலத்தை ஓட்டியவர். கேட்டதற்குத் தலையசைப்பார், ரொம்பக் கேட்டால் சிரிப்பார். கல்லில் அடிக்கிற ஆள் தம்பி. ஓட்டல் விரிப்பானாலும் மருத்துவமனைத் திரைச்சீலையானாலும் ஒரே மூச்சில் தூக்கி அடிப்பான். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவன் நழுவுகிற கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தாயில்லாத பிள்ளை. அவளுக்கோ பிள்ளை பிறக்கவில்லை. அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது, அவன்தான் அவளுக்குப் பிள்ளை.

அவனுக்கு வாய்த்தவளைச் சின்னவள் என்போம். ஊரின் மறுகோடியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். அவள் பிறந்த வீட்டில் துணி என்றால் மடிப்புக் கலையாத புதுத்துணி. இங்கே துணி என்றால் அடுத்தவன் வியர்வை. கல் பக்கமே அவள் வரமாட்டாள். முற்றத்தைக் கடக்க வேண்டுமென்றால்கூடக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றிப் போவாள். அதை அண்ணி பார்ப்பாள். பார்த்ததைச் சொல்லவும் சொல்வாள். சண்டை என்று பெரிதாக வந்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஓட்டல்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு விரிப்புதான் திரையாகத் தொங்கியது. ஒரே அறை, தகரக் கூரை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொண்டு அழும்.

போன மழைக்குக் கூரை ஒழுகியதில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. சின்னவளின் அப்பா அப்போதே சொல்லிவிட்டார். கடைக்கு மேலே மாடி காலியாகக் கிடக்கிறது, மாப்பிள்ளைக்குக் கடையிலேயே வேலையும் இருக்கிறது. அடுத்த மழைக்குள் ஒழுங்கான வீட்டுக்கு வழி பிறக்காவிட்டால் வண்டி கொண்டுவந்து மூன்று பேரையும் கூட்டிப்போய்விடுவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அண்ணியை அரித்தது அதுதான். தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

ஆகவே இடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. கீழே சலவைக்கூடமும் அண்ணன் அண்ணியும், மேலே தம்பி குடும்பம், அதற்கும் மேலே துணி உலர்த்த மொட்டைமாடி. அண்ணியின் மனதில் அந்த வீடு ஏற்கெனவே எழும்பி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. மண்ணில் கட்டுவது மட்டும்தான் பாக்கி.

மண்ணில் கட்ட நகரப் பொறியியல் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். என் கடைக்குச் சோறு போடுவதே அந்த அலுவலகம்தான். அங்கே போகிற வரைபடமெல்லாம் என் பெரிய இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துதான் போகும். அதனால் எனக்குத் தெரியும். ஜனங்கள் வீடு என்றால் சுவரும் கூரையும் என்று நினைக்கிறார்கள். அலுவலகத்துக்கு அதெல்லாம் கடைசிக் கவலை. குடிதண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வரும், இன்னொரு குடும்பத்துக்கும் ஊட்டுகிற தெம்பு அந்தக் குழாய்க்கு இருக்கிறதா, கழிவு எந்தச் சாக்கடையில் போய்ச் சேரும், வீட்டுத் தரை அந்தச் சாக்கடையைவிட உயரமா, மாடியில் விழுகிற மழை அடுத்தவன் வாசலில் கொட்டாமல் எப்படி இறங்கும், சன்னலிலிருந்து கை நீட்டினால் மின்கம்பி எட்டுமா, தீயணைப்பு வண்டி வந்தால் திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். முதலில் எல்லாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. போகப்போக அந்த எரிச்சல் வேறு மாதிரி ஆகிவிட்டது. நாம் குழாயைத் திருகிக் கை கழுவிவிட்டுப் போகிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஊர் முழுக்க இப்படித்தான் யோசித்துப் போட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அண்ணி ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். குடிநீர்க்காரர்கள் வந்து குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். மின்சாரக்காரர்கள் கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நட ஒப்புக்கொண்டார்கள். தெரு குறுகலாக இருக்கிறது என்று தீயணைப்புக்காரர்கள் முகம் சுளித்தபோது, அவர்கள் சீருடை எங்கே சலவை ஆகிறது என்பதை அண்ணி நினைவுபடுத்தினாள். அதனால் சரி என்றார்கள் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருமுனை உண்மையிலேயே அகலமானது.

கடைசியாக வந்தது என்ஜினியர். சின்ன உருவமாக ஒரு பெண். சேறு காய்ந்த பூட்ஸ், மஞ்சள் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. அண்ணி அவளை யாரோ கணக்கெடுக்க வந்த பிள்ளை என்று நினைத்து, சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பப் பார்த்தாள். ஆள் யாரென்று தெரிந்ததும் தேநீரும் அவித்த முட்டையும் வந்தன. நான் வரைபடத்தோடு அங்கேதான் நின்றேன். எதிர் வீட்டில் அவித்த முட்டை வரும்போது கடையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்தா?

வரைபடத்தில் வீட்டின் நடுத்தூண் துவைகல்லின்மேலேயே நின்றது. அண்ணி கேட்டுப் போடச் சொன்னது அது.

"அந்த நடுத்தூண் எல்லா பாரத்தையும் தாங்கணும்னு சொன்னாங்க மேடம். அதான் கல்லு இருக்கற இடத்துலயே போடச் சொன்னேன். கீழ பாறை. மாமனார் காலத்துலேர்ந்து அடிக்கறோம், ஒரு விரக்கடைகூட இறங்கல."

சாட்சிக்குத் தம்பி ஒரு ஈர விரிப்பை முறுக்கித் தூக்கி அடித்துக் காட்டினான். தும்.

என்ஜினியர் தேநீர்க் கோப்பையை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். கோப்பைக்குள் தேநீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையை மண்ணில் ஊன்றிக்கொண்டு, இன்னும் ஒரு தடவை என்றாள்.

"பாறைன்னா இப்படிக் கேக்காதும்மா" என்றாள். அப்புறம், "இங்க ஊத்தற தண்ணியெல்லாம் எங்க போகுது?"

அண்ணி கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் துளையைக் காட்டினாள். "உள்ள போகுது."

"உள்ளன்னா?"

"உள்ளன்னா உள்ளதான். ஒரு நாள்கூட அடைச்சதில்ல மேடம். எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ஜினியருக்கு வரவில்லை. தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாமல் வரைபடம் ஓர் அங்குலம் நகராது என்று அவள் சொல்லிவிட்டாள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் பார்வை அந்தத் துளையைவிட்டுப் போகவே இல்லை.

இதற்கு அலுவலகத்தில் ஒரு வழி உண்டு. தண்ணீரில் சாயம் கலந்து ஊற்றிவிட்டு, எந்தச் சாக்கடை மூடிக்குக் கீழே அது தலைகாட்டுகிறது என்று பார்ப்பார்கள். சாயப்பொடி வரவழைக்க வேண்டும் என்று என்ஜினியர் சொன்னதும் அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. சலவைக்காரி வீட்டுக்கு வெளியிலிருந்து சாயமா? மறுநாள் காலையில் பெரிய தொட்டி நிறைய நீலம் கரைத்து வைத்திருந்தாள். ஊர்ச் சட்டை முழுவதையும் வானமாக்கிவிடுகிற அளவு நீலம்.

தெரு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரும் எட்டிப் பார்த்தோம். தம்பி தொட்டியைச் சாய்த்தான். துளை அவ்வளவையும் ஒரே இழுப்பில் குடித்தது. தெரு மூடிக்குக் கீழே எப்போதும் போகிற அழுக்குத் தண்ணீர் எப்போதும் போலவே போனது. அடுத்த தெரு மூடியிலும் இல்லை. அதற்கடுத்த தெருவிலும் இல்லை. முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் மெல்லக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இத்தனை காலமாக ஒரு வீடு நாளெல்லாம் ஊற்றிய தண்ணீர் ஊரில் எங்கேயுமே போய்ச் சேரவில்லை என்றால், அது எங்கேதான் இருக்கிறது? அண்ணன் துளையைப் பார்த்து ஒரு தடவை குனிந்தவர், ஏனோ ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

என்ஜினியர் தன் ஆட்களில் ஒருவரை ஆற்றங்கரைக்கு அனுப்பியிருந்தாள். எங்களுக்கு இரண்டாவது தேநீர் வந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "கிளம்புங்க" என்றாள்.

ஆற்றங்கரையில் புதர் மூடிய செங்கல் வளைவு ஒன்று உண்டு. பழைய பாலத்தின் மிச்சம் என்பார்கள் சிலர்; படகுச் சரக்கு இறக்கிய கிடங்கின் வாசல் என்பார்கள் சிலர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதைப் பற்றி நினைத்ததில்லை. அன்றைக்குப் புதரை வெட்டி விலக்கியிருந்தார்கள். உள்ளேயிருந்து தெளிவான தண்ணீர் மெல்ல வந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் நீளமாக, அவசரமே இல்லாமல், நீலம் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நம்ம வீட்டு நீலம்தான்" என்றாள், தொலைந்த ஆட்டைச் சந்தையில் அடையாளம் கண்டவள் மாதிரி.

அது ஓர் ஓடை. எங்கேயோ மேட்டிலிருந்து ஊருக்குக் குறுக்கே வந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்த ஓடை. எந்தக் காலத்திலோ யாரோ அதன்மேல் செங்கல்லால் வளைவு கட்டி, மண் நிரப்பி, தெரு போட்டு, வீடு கட்டி, மறந்தும் போய்விட்டார்கள். அலுவலகத்தின் எந்த வரைபடத்திலும் அது இல்லை. ஓடை மட்டும் தன் வேலையை மறக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் என்ஜினியரின் ஆட்கள் உள்ளே காற்றைச் சோதித்தார்கள், பெரிய விசிறி வைத்து ஊதினார்கள், கயிறு கட்டி, சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போய்வந்தார்கள். வளைவு உறுதியாக இருப்பது தெரிந்தது. ஆனால் அது அண்ணி வீட்டு முற்றத்துக்குக் கீழே சரியாக எந்த இடத்தில் போகிறது, எவ்வளவு அகலத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். உள்ளே போன் வேலை செய்யாது. மேலே இருப்பவர்கள் கல்லில் அடித்துக்கொண்டே இருந்தால், கீழே எங்கே சத்தம் தலைக்கு நேராக விழுகிறதோ அங்கே குறி வைத்துவிடலாம் என்று என்ஜினியர் யோசனை சொன்னாள். உள்ளே போனவர்கள் வெளியே வந்து சேரும் வரை அடி நிற்கக் கூடாது. தம்பி துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

அண்ணி தானும் வருவேன் என்றாள். என்ஜினியர் மறுத்தாள். தன் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று அண்ணி கேட்டாள். இதற்கு என்ஜினியரிடம் பதில் இருந்திருக்கும், ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்லவில்லை. மேலிடத்தில் கேட்டுத் தொப்பியும் பூட்ஸும் வாங்கிவந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இரண்டாவது விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டாமா என்று நான் கேட்டேன். எனக்கும் ஒரு தொப்பி வந்தது. தலைக்குள் இறங்கிக் காதில் நின்றது.

உள்ளே நுழைந்ததும் வெயில் பின்னாலேயே நின்றுவிட்டது. குளிர்ச்சி. மண்ணும் பாசியும் கலந்த சுத்தமான வாசனை. தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது, கூழாங்கல் தெரிந்தது. நிமிர்ந்து நடக்கலாம், கையை உயர்த்தினாலும் வளைவு எட்டவில்லை. விளக்கு போன இடமெல்லாம் செங்கல், செங்கல், செங்கல். ஒன்றுகூடச் சரிந்திருக்கவில்லை. சில கற்களில் சூளைக்குப் போவதற்கு முன்னால் தூக்கியவர்களின் விரல் பதிந்து, அப்படியே வெந்திருந்தது. அதில் ஒன்றில் அண்ணி தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

"பொம்பளைக் கை" என்றாள் மெதுவாக.

மேலே பேருந்து போகிறது, பள்ளிக்கூடம் விடுகிறது, நான் கடையில் உட்கார்ந்து ஒரு தாளை இரண்டாக்கிக்கொண்டிருக்கிறேன். அத்தனையையும் இவள் தூக்கிக் கொடுத்த கல் சுமந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. எங்களுக்கு அவள் யாரென்று தெரியாது. அந்த இடத்தில் சத்தமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஓடை என் கடைக்குக் கீழே வராமல் ஒதுங்கிப் போகிறது என்று என்ஜினியர் சொன்னபோது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

ஓடையின் ஒரு திருப்பத்தைக் கடந்தோம். அப்போது கேட்டது.

மேலே கேட்டால் 'தும்'. கீழே அதற்குப் பெயர் கிடையாது. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. தண்ணீரின் மேல் தோல் சுருங்கி விரிந்தது. தொப்பிக்குள் என் மண்டை அதிர்ந்தது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. நடக்க நடக்கப் பெரிதாகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நேராக எங்கள் தலையில் இறங்கியது.

என்ஜினியர் விளக்கை மேலே திருப்பினாள்.

வளைவின் உச்சியில் ஒரு துளை. அந்தத் துளையிலிருந்து சுவர் வழியாகக் கீழே தண்ணீர் வரை ஏதோ ஒன்று வழிந்து இறுகி நின்றது. சுண்ணாம்பும் சோப்பும் கஞ்சியும் நீலமும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து கல்லாகிப் போன ஓர் அருவி. மேலே பழுப்பு வெள்ளை, கீழே வர வர நீலம். விளக்கு பட்டதும் உள்ளுக்குள்ளிருந்தே ஒளி வருவதுபோல் மின்னியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே போய் அதைத் தொட்டாள். அவள் நகங்களுக்கும் அதற்கும் ஒரே நிறம்.

"மாமனார் ஊத்தினது" என்றாள். உயரத்தில் இருந்த பழுப்பு மடிப்பைக் காட்டினாள். "அப்பல்லாம் நீலம் ஏது, வெறும் கஞ்சிதான்." கை கீழே வந்தது. "இது நான் வந்ததுக்கு அப்புறம்."

நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். என்ஜினியர் அளக்க வந்த கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்காமலே நின்றாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து மண்ணுக்குக் கீழேதான் சம்பாதிக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றாள்.

அப்போது அடி நின்றது.

அத்தனை நேரம் அந்தச் சத்தம்தான் எங்களுக்குத் துணையாக இருந்திருக்கிறது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் ஓடும் ஒலி மட்டும் இருந்தது. திடீரென்று மேலே இருக்கும் மண்ணின் கனம் முழுவதும் என் தோளுக்கு வந்துவிட்டது. அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பிறகு மறுபடி கேட்டது. ஆனால் வேறு மாதிரி. லேசாக, கோணலாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. ஒரு அடி கல்லில் விழாமல் தரையில் விழுந்தது. அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது அவன் அடி இல்ல."

இன்னொரு அடி.

"அவரும் இல்ல. அவருக்கு ஏது இவ்வளவு அவசரம்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் இன்னும் ஒரே ஒரு ஜோடிக் கைதான் பாக்கி. "அவ" என்றாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் கன்னம் நனைந்திருந்தது. திரும்பி நடந்து வெளியே வரும் வரை அந்தக் கோணல் அடி நிற்கவே இல்லை.

வெயிலுக்கு வந்ததும் என்ஜினியர் கரையில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளதைச் சொன்னாள். கல்லுக்கும் வளைவுக்கும் நடுவே ஓர் ஆள் உயர மண்தான் இருக்கிறது. துணி அடிப்பதை அது தாங்கும். இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. மாடி வீட்டுத் தூணைத் தாங்காது.

"நீங்க கேட்ட இடத்துல தூணைப் போட்டிருந்தா, ஒரு நல்ல மழையில..." என்று ஆரம்பித்தவள் அண்ணியைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டாள். முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாடியில் யார் படுத்திருப்பார்கள் என்று அண்ணிக்குத் தெரியும். தானே வாய் திறந்து கேட்டுப் போடச் சொன்ன தூண் அது என்பதும் தெரியும்.

ஓடைக்கு மேலேயும் அதன் இரண்டு பக்கமும் கட்டடம் கூடாது. முற்றத்தின் நடுவே அகலமாக ஒரு பட்டை திறந்தே கிடக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் இனிமேல் ஆற்றுக்குப் போகக் கூடாது, தெருச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும். மிச்சமிருப்பது இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. ஒரே வீடு வராது. ஒல்லியாக இரண்டு வீடு வரலாம். அதற்குப் புதிதாக வரைந்து, குடிநீர், மின்சாரம், தீயணைப்பு என்று எல்லாரிடமும் முதலிலிருந்து போக வேண்டும். மழைக்கு முன்னால் நடக்காது. இதை அவள் எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னாள்.

அண்ணி வீட்டுக்கு வந்து, என்ஜினியர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, குழந்தையின் துணிகளை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் மடித்து ஒரு பையில் அடுக்கினாள். அண்ணன் கஞ்சிப் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே இருந்தார், அடுப்பு அணைந்திருந்தது. நான் விளக்கைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்றேன்.

சின்னவள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "யாருக்குக்கா இதெல்லாம்?"

"உங்கப்பா வண்டி கொண்டாருவாரு. நான் எடுத்து வெச்சிட்டா உனக்கு வேலை மிச்சம்." அண்ணி நிமிரவில்லை. "கோவத்துல சொல்லலம்மா. இந்தக் கூரைக்குக் கீழ இன்னொரு மழை குழந்தைக்கு ஆகாது. வீடு வரும், வரும்னு உன்னைப் பிடிச்சு வெச்சேன். இவ்வளவு நாள் நான் நின்னதே ஓட்டை மேலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

சின்னவள் பையை இழுக்கக் கை நீட்டினாள். அண்ணி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி, ஒன்று உடைந்தும் இருந்தது.

"நீ ஏன் அடிச்சே?"

"மருத்துவமனைத் துணி வண்டி வந்து, மூட்டை இறக்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. போயிட்டாங்க. கீழ நீங்க இருந்தீங்க." ஏதோ தப்பு செய்துவிட்டவள் மாதிரி அவள் குரல் இறங்கியது. "சத்தம் நின்னா பயந்துடுவீங்களேன்னுதான்."

அண்ணி அந்தக் கையை விடவில்லை. தேங்காய் எண்ணெய்க் குப்பியை எட்டி எடுத்து, கொப்புளத்தைச் சுற்றித் தடவினாள். தடவி முடித்த பிறகும் தடவிக்கொண்டிருந்தாள்.

"மழை முடியற வரைக்கும் குழந்தையைத் தூக்கிட்டு அப்பா வீட்ல இருக்கேன்க்கா" என்றாள் சின்னவள். "அவரு இங்கதான் இருப்பாரு, வேலை இருக்கில்ல. வீடு ஆரம்பிச்சதும் வந்துடறேன். அந்தப் பக்கத்துத் துண்டு எனக்கு. ஆனா ஒண்ணு, சன்னல் கல்லைப் பார்த்து இருக்கணும். சொல்லி வரையச் சொல்லுங்க."

புது வரைபடம் என் இயந்திரத்துக்குள் போய் வந்தபோது நான் சரிபார்த்தேன். நடுவே வெற்றாக ஒரு பட்டை, அதில் 'கட்டடம் கூடாது' என்று எழுத்து, துவைகல் இருந்த இடத்திலேயே ஒரு சின்னச் சதுரம், பக்கத்தில் ஆள் இறங்கிப் பார்க்க ஒரு மூடி. இரண்டு பக்கமும் ஒல்லியான இரண்டு வீடு. சன்னல்கள் ஒன்றையொன்று பார்த்தன.

முதல் மழை வந்த அன்று காலையிலேயே சின்னவளின் அப்பா வண்டியோடு வந்துவிட்டார். வீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் சாமானையும் சேர்த்து ஏற்றுகிற யோசனையில், அதற்கேற்ற முகத்தோடுதான் குடையை விரித்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தார். அங்கே அவர் மகள், எண்ணெய் தடவிய கையோடு, நனைந்துகொண்டு, துவைகல்லில் காதை வைத்துக் குனிந்திருந்தாள். பக்கத்தில் அண்ணியும். என்னம்மா இது என்று அவர் கேட்டதற்கு, அண்ணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் தயங்கினார். குடையை மடக்கினார். பெரிய உடம்பை மெல்ல மடக்கி மண்டியிட்டு, கன்னத்தை ஈரக்கல்லில் பதித்தார். கீழே ஓடை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. மேட்டில் பெய்த மழை முழுவதும், எங்கள் எல்லாருக்கும் அடியில், இரைந்துகொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்த கணக்கெல்லாம் கழன்றுபோவதை நான் என் கடை வாசலிலிருந்தே பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் மழை கொட்டியது, துடைக்கவும் இல்லை.

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை அடித்தான். ஒருத்தரும் திரும்பவில்லை.